கேண்டரில் ஐந்து நாள்: சின்ன ஊருக்கு வந்த ஆறாயிரத்துச் சொச்சம் விருந்தாளிகள்

2001 செப்டம்பர் 11 என்றதும் எல்லோருக்கும் நியூயார்க்கின் இரட்டைக் கோபுரங்களில் எழுந்த புகைதான் கண்முன் வரும். நான் எழுதப்போவது அதே நாளில் கனடாவின் கிழக்குக் கோடியில், நியூஃபவுண்ட்லாந்து என்ற தீவில் இருக்கிற கேண்டர் ஊரில் நடந்ததைப் பற்றி. அப்போது அந்த ஊரின் மக்கள்தொகை ஏறக்குறைய பத்தாயிரம். அன்று அங்கே 38 பயணிகள் விமானங்கள் ஒன்றன்பின் ஒன்றாக இறங்கின. பயணிகள், பணியாளர்கள் எல்லோரையும் சேர்த்தால் ஏறக்குறைய 6,600 பேர். மூன்று உள்ளூர்க்காரருக்கு இரண்டு விருந்தாளி என்று வைத்துக்கொள்ளலாம். யாருக்கும் அழைப்பு போகவில்லை, எத்தனை நாள் தங்குவார்கள் என்று வந்தவர்களுக்கும் தெரியாது, வரவேற்றவர்களுக்கும் தெரியாது.

இந்தக் கதை பலருக்கும் தெரிந்ததுதான். "மனிதநேயம் இன்னும் சாகவில்லை" என்ற தலைப்போடு அவ்வப்போது கைமாறிக்கொண்டே இருக்கும். எனக்கு அந்தத் தலைப்பில்தான் கொஞ்சம் எரிச்சல். நல்ல மனசுக்காரர்கள் இருந்தார்கள், அதனால் நல்லது நடந்தது என்று முடித்துவிட்டால் தெரிந்துகொள்ள அதில் ஒன்றுமே இல்லை. நல்ல மனசு எல்லா ஊரிலும்தான் இருக்கிறது, ஆனால் எல்லா ஊரிலும் இது நடப்பதில்லையே, ஏன்? அதைத்தான் பார்க்க ஆசைப்படுகிறேன்.

சரி, முதலில் இந்தக் குட்டி ஊரில் 38 விமானம் இறங்க எப்படி இடம் இருந்தது? கேண்டர் விமான நிலையம் 1930களில் கட்டப்பட்டது. அந்தக் காலத்து விமானங்களால் ஒரே மூச்சில் அட்லாண்டிக்கைத் தாண்ட முடியாது, எரிபொருள் நிரப்ப எங்காவது இறங்கியாக வேண்டும், அதற்கு வாகான இடம் இதுதான். நெடுந்தூரம் பறக்கும் ஜெட் விமானங்கள் வந்தபிறகு அந்த வேலை போய்விட்டது. ஆனால் நீளமான ஓடுபாதைகள் அப்படியே கிடந்தன. அமெரிக்கா தன் வான்வெளியை மூடியதும், கடலுக்கு மேலே பாதி வழியைத் தாண்டிவிட்ட விமானங்களுக்குக் கனடாவை விட்டால் போக்கிடம் இல்லை. கனடா அரசு இதற்கு 'ஆபரேஷன் யெல்லோ ரிப்பன்' என்று பெயர் வைத்து இருநூறுக்கும் மேற்பட்ட விமானங்களை இறக்கியது. அதில் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். அந்த விமானங்களில் இன்னும் எத்தனை பேர் கெட்ட எண்ணத்தோடு உட்கார்ந்திருக்கிறார்களோ என்ற பயம் அன்று எல்லோருக்கும் இருந்தது. அதனால் ஐரோப்பாவிலிருந்து வந்த விமானங்களைக் கூடுமானவரை டொராண்டோ, மாண்ட்ரியல் மாதிரிப் பெரிய நகரங்களுக்குப் போகவிடாமல் கிழக்குக் கரையிலேயே இறக்கினார்கள். ஹாலிஃபாக்ஸுக்கு 47, அடுத்தபடியாகக் கேண்டருக்கு 38. பச்சையாகச் சொன்னால், பெரிய ஊர்கள் பயந்து ஒதுக்கிய விமானங்கள்தான் இந்தச் சின்ன ஊருக்கு வந்து சேர்ந்தன. "விருந்தாளி" என்ற சொல் அன்று காலையில் யார் மனசிலும் இருந்திருக்காது.

இறங்கியதும் யாரையும் வெளியே விடவில்லை. ஒவ்வொரு விமானமாகச் சோதனை, பாதுகாப்பு விசாரணை, குடிவரவுப் பதிவு, ரெட் கிராஸ் பதிவு. சில விமானங்களில் ஆட்கள் ஒரு முழு நாளைத் தாண்டியும் உள்ளேயே உட்கார்ந்திருந்தார்கள். செல்போன் அவ்வளவாகப் பரவாத காலம். என்ன நடந்தது என்று பலருக்குச் சரியாகவே தெரியாது, ஏதோ வான்வெளியை மூடிவிட்டார்கள் என்ற அளவுக்குத்தான். ஊருக்குள் வந்து ஏதோ ஒரு பள்ளிக்கூடத்து டிவியில் அந்தக் கோபுரங்கள் சரிவதைப் பார்த்தபோதுதான் பலருக்கு விஷயமே புரிந்தது. பெட்டிகளெல்லாம் விமானத்தின் வயிற்றிலேயே இருந்தன, கைப்பையோடு மட்டும் இறங்கச் சொல்லிவிட்டார்கள். மாற்றுத்துணி இல்லை, பலரிடம் மருந்தும் இல்லை.

உள்ளே இருந்தவர்களுக்கு அந்தத் தாமதம் நரகம். ஆனால் ஊருக்கு அதுதான் கிடைத்த அவகாசம். 6,600 பேரும் செவ்வாய்க்கிழமை மதியமே மொத்தமாக இறங்கி வந்திருந்தால் கேண்டர் திணறிப்போயிருக்கும் என்றுதான் நினைக்கிறேன். கிடைத்த அந்த ஒரு நாளில் மேயர் கிளாட் எலியட் ஊரில் அவசரநிலையை அறிவித்தார். உள்ளூர் வானொலியிலும் டிவியிலும் போர்வை, தலையணை, படுக்கை, துணிமணி வேண்டும் என்று கேட்டார்கள். வீட்டுக் கட்டிலில் கிடந்ததை அப்படியே சுருட்டி எடுத்துக்கொண்டு வந்து வரிசையில் நின்றார்கள் ஊர்க்காரர்கள். பள்ளிக்கூடங்கள், தேவாலயங்கள், சங்கக் கூடங்கள் எல்லாம் தங்குமிடம் ஆயின. கேண்டர் மட்டும் போதாது என்று காம்போ, லூயிஸ்போர்ட், ஆப்பிள்டன், க்ளென்வுட், நாரிஸ் ஆர்ம் போன்ற சுற்றுவட்டார ஊர்களுக்கும் பிரித்து அனுப்பினார்கள். ஊரில் மொத்தமே ஐந்நூறு சொச்சம் ஹோட்டல் அறைகள்தான். அவற்றை விமானிகளுக்கும் பணிப்பெண்களுக்கும் என்று ஒதுக்கிவிட்டார்கள். வான்வெளி திறந்த உடனே ஓட்டவேண்டியவர்கள் தூங்கி எழுந்திருக்க வேண்டும் அல்லவா? பார்க்கச் சின்ன முடிவு, ஆனால் பணக்காரப் பயணி யாராவது காசைக் காட்டி அறை கேட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். யாருக்கு எது என்பதை முதலிலேயே தீர்மானித்துவிட்டதால் அந்தச் சண்டைக்கு இடமே இல்லாமல் போனது.

அப்புறம் பஸ் விஷயம். இந்த மொத்தச் சம்பவத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். அந்த நேரத்தில் அங்கே பள்ளிப் பேருந்து ஓட்டுநர்கள் ஸ்டிரைக்கில் இருந்தார்கள். கையில் பதாகையோடு சாலையோரம் நின்றவர்கள். ஸ்டிரைக் என்றால் என்ன? நான் வண்டியை எடுக்கவில்லை என்றால் ஊர் நின்றுவிடும் என்று காட்டுவதுதானே அதன் பலம். ஊருக்கு அவர்கள் தேவைப்பட்டது அன்றுபோல என்றைக்கும் இருந்திருக்காது. பேரம் பேச அதைவிட நல்ல நாள் வாய்க்காது. ஆனால் பதாகையைக் கீழே வைத்துவிட்டு வண்டியில் ஏறினார்கள், விமான நிலையத்துக்கும் தங்குமிடங்களுக்கும் ராப்பகலாக ஓட்டினார்கள். தங்கள் கோரிக்கை தப்பு என்று அவர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. முதலாளியோடு உள்ள சண்டை முதலாளியோடு, வழியில் வந்து மாட்டிக்கொண்டவனோடு நமக்கு என்ன சண்டை என்ற கணக்கு. இந்தப் பிரிவினை எல்லோருக்கும் வராது. எனக்கு வருமா என்று தெரியவில்லை.

மருந்துக்கடைக்காரர்களின் வேலை இன்னும் நுணுக்கமானது. பல நாட்டுப் பயணிகள். பலருக்குத் தினமும் மாத்திரை வேண்டும், அந்த மாத்திரையோ விமானத்துக்குள் பெட்டியில். ஒரே மருந்துக்கு ஒவ்வொரு நாட்டிலும் ஒவ்வொரு பெயர். "வெள்ளையா, சின்னதா, வட்டமா இருக்கும், பிரஷருக்கு" என்று சொன்னால் யார் என்ன கொடுக்க முடியும்? மருந்தாளுநர்கள் உட்கார்ந்து பயணிகளின் ஊர்களுக்கு ஃபோன் போட்டு, அங்கே இருக்கிற டாக்டரையோ மருந்துக்கடையையோ பிடித்து, என்ன மருந்து, எத்தனை மில்லிகிராம் என்று கேட்டு எழுதிக்கொண்டு, அதற்கு ஈடானதைத் தேடி எடுத்துக் கொடுத்தார்கள். காசு வாங்கவில்லை. இதை அன்பு என்று சொல்லலாம்தான். ஆனால் எனக்கு இது முதலில் தொழில் சுத்தமாகத் தெரிகிறது. தெரிந்த வேலையை, கொஞ்சம் பெரிய அளவில், கொஞ்சம் தூக்கத்தை விட்டுச் செய்தார்கள், அவ்வளவுதான்.

சாப்பாடு குவிந்தபோது வைக்க இடம் இல்லை. ஊரில் ஐஸ் ஹாக்கி அரங்கம் இருந்தது, தரை முழுக்கப் பனிக்கட்டி. அதையே பெரிய குளிர்பெட்டியாக்கி உணவு மூட்டைகளை அங்கே அடுக்கினார்கள். தொலைபேசி நிறுவனம் தன் கட்டிடத்துக்கு வெளியே மேசை போட்டு வரிசையாக ஃபோன்களை வைத்தது, உலகத்தில் எங்கே வேண்டுமானாலும் இலவசமாகப் பேசிக்கொள்ளலாம் என்று. விலங்கு நலச் சங்கத்தில் வேலை பார்த்த ஒரு பெண்ணுக்கு, இத்தனை விமானங்களில் விலங்குகளும் இருக்குமே என்று தோன்றியிருக்கிறது. விசாரித்தால், நாய்கள், பூனைகள், அமெரிக்க மிருகக்காட்சி சாலைக்குப் போய்க்கொண்டிருந்த சிம்பன்சிக்கு நெருங்கிய இனமான போனோபோ குரங்குகள் இரண்டு! சரக்குப் பகுதிக்குள் தவழ்ந்து போய் அவற்றுக்குத் தீனி வைத்துச் சுத்தம் செய்தார்கள். மனிதர்களை இறக்கவே நேரம் போதாத நாளில் அவருக்கு மட்டும் இது ஏன் தோன்றியது? அவர் தினமும் செய்கிற வேலை அது, அதனால் தோன்றியது.

இந்த இடத்தில்தான் எனக்கு ஒரு ஒழுங்கு தெரிய ஆரம்பித்தது. பேருந்து ஓட்டுபவர் பேருந்து ஓட்டினார். மருந்து கொடுப்பவர் மருந்து கொடுத்தார். வீட்டில் குளியலறை இருந்தவர்கள் "எங்க வீட்டுக்கு வந்து குளிச்சிட்டுப் போங்க" என்று கூப்பிட்டார்கள், கார் வைத்திருந்தவர்கள் சாலையில் நடந்துபோகும் வேற்று முகத்தைப் பார்த்தால் நிறுத்தி ஏற்றிக்கொண்டார்கள். யாரும் தன்னால் ஆகாத காரியத்தைச் செய்யவில்லை. அவரவர் கைக்கு அடங்குகிற ஒரு வேலை அவரவருக்குக் கிடைத்தது.

இது ஏன் முக்கியம் என்பதற்கு ஒரு பழைய சோதனையைச் சொல்ல வேண்டும். 1968-இல் டார்லி, லட்டானே என்ற இரண்டு உளவியலாளர்கள் நியூயார்க்கில் செய்தது. ஆளுக்கொரு அறையில் உட்காரவைத்து, ஒலிபெருக்கி வழியே ஒருவர் வலிப்பு வந்து தவிப்பது போன்ற சத்தத்தைக் கேட்க வைத்தார்கள். தான் ஒருவன்தான் கேட்கிறேன் என்று நினைத்தவர்களில் 85 சதவீதம் பேர், சத்தம் அடங்கும் முன்பே உதவிக்கு எழுந்தார்கள். தன்னோடு இன்னும் நான்கு பேர் கேட்கிறார்கள் என்று நினைத்தவர்களில் 31 சதவீதம் பேர்தான். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி மாணவர்கள். "வேறு யாராவது பார்த்துக்கொள்வார்கள்" என்ற நினைப்பு நடுவில் வந்து உட்கார்ந்துவிட்டது. கேண்டரில் அந்த நினைப்புக்கு உட்கார இடம் கிடைக்கவில்லை. பேருந்து ஓட்டுநர் எடுக்காவிட்டால் பேருந்து நகராது என்று அவருக்குத் தெரியும். வேறு யாரும் இல்லை.

ஆனால் இதுவும் பாதிக் காரணம்தான். வேலையைப் பிரித்துக் கொடுக்க வேண்டுமானால் யாரிடம் என்ன இருக்கிறது, யார் என்ன செய்வார் என்று யாருக்காவது தெரிந்திருக்க வேண்டும். அந்தத் தெரிதல் ஒரே நாளில் வராது. இதற்கு வேறு இரண்டு சம்பவங்களைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

1995 ஜனவரி 17, ஜப்பானில் கோபே நிலநடுக்கம். அவாஜி தீவில், நடுக்கத்தின் மையத்துக்கு அருகில் ஹொகுதான் என்ற ஊர். விடியும் முன்பே வீடுகள் சரிந்துவிட்டன. இடிபாட்டில் சிக்கிய ஏறக்குறைய 300 பேரை அன்றைக்கே அக்கம்பக்கத்தாரும் ஊர்த் தீயணைப்புத் தன்னார்வலர்களும் வெளியே எடுத்துவிட்டார்கள். எப்படி? எந்த வீட்டில் எந்தப் பாட்டி எந்த அறையில் படுப்பார் என்று அவர்களுக்குத் தெரியும். இடிபாட்டை எங்கே தோண்ட வேண்டும் என்று யோசிக்கவே தேவை இருக்கவில்லை.

அதே 1995, ஜூலை மாதம், சிகாகோ. கொடுமையான வெப்ப அலை, ஒரு நாள் 41 டிகிரி செல்சியஸ் வரை போனது. ஒரே வாரத்தில் வழக்கத்தைவிட 739 பேர் அதிகமாக இறந்தார்கள். பெரும்பாலும் தனியாக இருந்த முதியவர்கள், பூட்டிய கதவுக்குப் பின்னால். ஆனால் அடுத்தடுத்து இருந்த இரண்டு பேட்டைகளில் கணக்கு நேர்மாறு. நார்த் லாண்டேலில் லட்சத்துக்கு 40 பேர் இறந்தார்கள், சவுத் லாண்டேலில் லட்சத்துக்கு 4. இரண்டு இடத்திலும் தனியாக வாழும் ஏழை முதியவர்கள் கிட்டத்தட்ட அதே அளவுதான். வித்தியாசம் தெருவில் இருந்தது. ஒரு பக்கம் கடைகள் மூடி, வீடுகள் காலியாகி, வெளியே வரவே பயப்படும் தெரு. இன்னொரு பக்கம் நாள் முழுக்க ஆள் நடமாட்டம், கடை கண்ணி, வாசலில் நின்று நாலு வார்த்தை பேசுகிற சனம். புழுக்கத்தில் ஒரு கிழவர் கடைப்பக்கம் போய்க் கொஞ்சம் ஆசுவாசப்படுத்திக்கொள்ளலாம். நேற்று வந்தவர் இன்றைக்கு வரவில்லை என்றால் யாராவது கவனிப்பார்கள். நல்ல மனசின் அளவு இரண்டு பக்கமும் ஒன்றுதான் என்று நான் அடித்துச் சொல்வேன்.

கேண்டரையும் அப்படித்தான் பார்க்கிறேன். வந்தவர்கள் முன்பின் தெரியாதவர்கள், ஆனால் வரவேற்றவர்கள் ஒருவருக்கொருவர் நன்றாகத் தெரிந்தவர்கள். நியூஃபவுண்ட்லாந்தில் பல ஊர்களின் பிழைப்பு நெடுங்காலம் மீனை நம்பித்தான் இருந்தது. 1992-இல் காட் மீன் பிடிப்பதற்கு அரசு தடை விதித்தபோது மாகாணத்தில் சுமார் 30,000 பேருக்கு ஒரே அடியாக வேலை போனது. தவிக்கும் வீட்டுக்கு அடுத்த வீடு தாங்குவது அந்தப் பக்கத்துக்குப் புதிது கிடையாது. கேண்டருக்கு இன்னொன்றும் உண்டு. 1985 டிசம்பரில் அமெரிக்கப் படைவீரர்களை ஏற்றிக்கொண்டு போன விமானம் அங்கே புறப்பட்ட உடனே விழுந்து, உள்ளே இருந்த 256 பேரும் இறந்தார்கள். ஒரு பேரிடரில் முதல் மணி நேரம் எப்படி இருக்கும் என்பதை ஊர் பார்த்திருந்தது. ஆக, அந்நியர்களுக்குக் கிடைத்த அன்பு அக்கம்பக்கத்தாரின் பல வருஷப் பழக்கத்தின் மேல் ஏறித்தான் வந்தது. அக்கம்பக்கம் பழக்கமில்லாத ஊரில் அந்நியனுக்கு இரக்கம் கிடைக்கலாம், படுக்கை கிடைப்பது கஷ்டம்.

ஒரு காட்சியை மட்டும் நிதானமாகச் சொல்ல வேண்டும். பயணிகளில் ஒரு வயதான தம்பதி. மகன் நியூயார்க்கில் தீயணைப்பு வீரர். அவரைப் பற்றி எந்தத் தகவலும் இல்லை. தங்குமிடத்தில் வேலை பார்த்த உள்ளூர்ப் பெண்மணி ஒருவருடைய மகனும் தீயணைப்புப் படையில் தன்னார்வலர். இவர் அந்த அம்மாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டார். ஆறுதல் சொல்ல என்ன இருக்கிறது? பேச்சை மாற்ற ஏதாவது நகைச்சுவை சொல்வாராம், அந்த அம்மா ஃபோன் பக்கத்திலேயே இருப்பாராம். மகன் திரும்பவில்லை. இந்த இரண்டு பெண்களின் நட்பு மட்டும் அதற்குப் பிறகும் தொடர்ந்தது. ஓட்டுவதற்குப் பேருந்தோ கொடுப்பதற்கு மருந்தோ இல்லாத இடத்தில் மீதமிருப்பது பக்கத்தில் உட்காருவதுதான், அதற்கும் ஒரே மாதிரிப் பயத்தைத் தெரிந்தவர் தேவைப்பட்டார்.

இனி இந்தச் சம்பவத்தின் பலவீனத்தையும் பேசியாக வேண்டும். கேண்டர் ஐந்து நாள் சம்பவம். 16-ஆம் தேதிக்குள் எல்லோரும் கிளம்பிவிட்டார்கள். வந்தவர்கள் விமான டிக்கெட் வாங்க வசதி உள்ளவர்கள், திரும்பிப்போக வீடு உள்ளவர்கள், எப்படியும் போய்விடுவார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். செப்டம்பர் மாதம் வேறு, பனி இன்னும் ஆரம்பிக்கவில்லை. இதே 6,600 பேர் அகதிகளாக, ஐந்து மாதம் தங்கியிருந்தால் கதை என்ன ஆகியிருக்கும்? கேண்டர்க்காரர்களைக் குறை சொல்ல இதைக் கேட்கவில்லை. முடிவு தெரிந்த கஷ்டத்துக்கு உதவுவது வேறு, முடிவு தெரியாத கஷ்டத்துக்கு உதவுவது வேறு என்று சொல்லத்தான்.

என் வீட்டிலேயே பார்த்தேன். அப்பா ஏழு வாரம் ஆஸ்பத்திரியில் இருந்தார். முதல் வாரம் ஃபோன் ஓயவில்லை. "எது வேணும்னாலும் கேளுங்க, தயங்காதீங்க" என்று சொல்லாதவர்களே கிடையாது. எல்லோரும் மனசாரத்தான் சொன்னார்கள். ஆனால் அந்த வாக்கியத்தைக் கேட்டால் என் தலையில் இன்னொரு வேலை ஏறும். என்ன கேட்பது, யாரிடம் எதைக் கேட்டால் சிரமமாக நினைக்க மாட்டார்கள், எத்தனை மணிக்குக் கூப்பிடலாம்? கடைசியில் யாரிடமும் எதையும் கேட்கவில்லை. எதிர் வீட்டு அக்காவோடு அதுவரை ஒரு சிரிப்பு, ஒரு தலையாட்டல், அவ்வளவுதான் பழக்கம். மூன்றாவது நாள் படிக்கட்டில் மறித்தார். "தம்பி, சாவியைக் குடுத்துட்டுப் போங்க. தபால் வந்தா எடுத்து வைக்கிறேன், சாயங்காலம் ஒரு லைட்டைப் போட்டு வைக்கிறேன்" என்றார். வேணுமா என்று கேட்கவில்லை. நான் யோசிக்கும் முன்பே கையை நீட்டிவிட்டார்.

ஐந்தாவது வாரத்தில் ஃபோன்கள் நின்றிருந்தன. யார்மேலும் வருத்தம் இல்லை, அவரவர்க்கு அவரவர் பாடு. ராத்திரி பதினொன்றரைக்குத் தெருமுனை திரும்பும்போது எங்கள் வீட்டு ஜன்னலில் மட்டும் வெளிச்சம் தெரியும்.

பெற்றுக்கொள்வதில் இருக்கிற சங்கடமும் அப்போதுதான் உறைத்தது. சாவியைக் கொடுத்த முதல் வாரம், அந்த அக்காவுக்கு என்ன வாங்கிக் கொடுக்கலாம், எப்படி ஈடு கட்டலாம் என்றே யோசித்துக்கொண்டிருந்தேன். கேண்டர் பயணிகளுக்கும் அதே பாடுதான். பணம் நீட்டினால் ஊர்க்காரர்கள் வாங்கவில்லை. லூயிஸ்போர்ட்டில் தங்கிய, டெல்டா நிறுவனத்தின் 15-ஆம் எண் விமானத்துப் பயணிகள் திரும்பிப் பறக்கும்போதே, நடுவானில், அந்த ஊர்ப் பிள்ளைகளின் மேற்படிப்புக்கு என்று ஒரு நிதி சேர்க்க ஆரம்பித்தார்கள். பல வருஷம் அந்த உதவித்தொகை போய்க்கொண்டிருந்தது. ஜெர்மன் விமான நிறுவனமான லுஃப்தான்சா தன் விமானம் ஒன்றுக்குக் கேண்டர், ஹாலிஃபாக்ஸ் என்று இரண்டு ஊர்களின் பெயரையும் சேர்த்து வைத்தது. கொடுத்தவரிடமே திருப்பிக் கொடுக்க முடியாதபோது கடன் இப்படிப் பக்கவாட்டில் போய் எங்காவது இறங்குகிறது.

நானும் ஒரு நாள் ஒரு பையை எடுத்துக்கொண்டு எதிர் வீட்டுக்குப் போனேன். அப்பா வீட்டுக்கு வந்து பத்து நாள் இருக்கும். பையை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, "அப்பா நடக்குறாரா?" என்று கேட்டார். நடக்கிறார் என்றேன். சாவியைக் கேட்கத்தான் போனேன், ஆனால் கேட்க வாய் வரவில்லை. அவரும் எடுத்துக் கொடுக்கவில்லை. அது இன்னும் அவர் வீட்டு ஆணியில்தான் தொங்குகிறது. போன மாதம் அவர் ஊருக்குப் போகும்போது தன் சாவியைக் கொண்டுவந்து எங்கள் வீட்டில் கொடுத்துவிட்டுப் போனார்.